அட்டவணையில் விடுபட்ட எண்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. உயர் பகு எண்கள் பற்றி ராமானுஜன் எழுதி 1915இல் லண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட கட்டுரையில் 102 எண்களின் அட்டவணை இருக்கிறது. அது 67,46,32,83,88,800 வரை போகிறது. அந்த எல்லைக்குள் விடுபட்டது இந்த ஓர் எண்தான். எண்களைத் தரம் பிரித்த மரபுகளை எடைபோட இதையே உரைகல்லாகக் கொள்ளலாம்.

மூத்த மரபு கிரேக்கருடையது. கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த நிக்கோமாக்கஸ், ஓர் எண்ணின் காரணிகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டி, குறை எண், நிறை எண், மிகை எண் என்று பிரித்தார். 6, 28 ஆகிய நிறை எண்களில் அவர் அறத்தைக் கண்டார். மிகை எண்களோ அளவுமீறி உறுப்பு முளைத்த விலங்குகள். நம் எண்ணுக்கு அந்தக் கூட்டுத்தொகை நாலரை மடங்கைத் தாண்டுகிறது. பகுப்பு சரி, பழிப்பை நான் ஏற்கமாட்டேன்.

தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேகரின் வழி வேறு. அவர் இலக்கங்களைப் பார்த்தார். இந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 45. அந்த 45 எண்ணையும் மீதியின்றி வகுக்கிறது. ஆகவே இது அவர் பெயரிட்ட ஹர்ஷத் எண்களில் ஒன்று. இதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் பத்தடிமானத்தை விட்டு வேறு அடிமானத்தில் எழுதினால் இலக்கங்கள் மாறிவிடும், சோதனையை மறுபடி தொடங்க வேண்டும். காரணிகள் எப்படி எழுதினாலும் மாறா. அதனால்தான் காரணி மரபை நான் மேலே வைக்கிறேன்.

அதன் உச்சம் ராமானுஜன். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்டதே உயர் பகு எண். நம் எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் பெருக்கப்படுகின்றன. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 5040 காரணிகள். அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று எங்கும் ஏறாமல் இறங்குகின்றன. எல்லா உயர் பகு எண்களும் இப்படித்தான் இருக்கும் என்றும், 4, 36 தவிர மற்றவற்றில் கடைசி அடுக்கு 1 என்றும் நிறுவியவர் அவரே. அட்டவணை தவறவிட்டதை அவருடைய தேற்றம் தவறவிடவில்லை. இதற்கு முந்தைய உயர் பகு எண்ணுக்கு 4608 காரணிகள். அடுத்ததற்கு, ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் விட்டு 23ஐச் சேர்த்துக்கொள்வதால், 5376.

கழகத்தின் பண நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. கணிதவியலாளர்கள் நிக்கோலாவும் ராபினும் குறிப்புகளுடன் அதை வெளியிட்டது 1997இல். அதற்கு முன்பே, 1984இல், ராபின் ஒரு வரம்பை நிறுவியிருந்தார்: 5040க்கு மேற்பட்ட ஓர் எண்ணின் காரணிக் கூட்டுத்தொகையாவது அந்த வரம்பைத் தொட்டால், பகா எண்களின் பரவல் பற்றிய ரீமான் கருதுகோள் பொய், எதுவும் தொடாவிட்டால் மெய். நம் எண்ணையும் சேர்த்துக் கூட்டினால், தொகை அதன் 5.6 மடங்கு. ராபினின் வரம்பு அங்கே 5.83 மடங்கு.