வில்லும் வாளும்

டேவிட் ஜாஃபே இயக்க, சான்டா மோனிகா ஸ்டுடியோ 2005-ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கென ஆக்கிய 'காட் ஆஃப் வார்' என்னும் வீடியோ விளையாட்டை வெறும் குருதிக் கூத்தென ஒதுக்குவோர் உளர். ஒதுக்கத்தக்க பகுதிகள் அதில் மலிந்தே கிடக்கின்றன. ஆயினும் அதன் கரு, யூரிப்பிடீஸின் 'ஹெராக்கிளிஸ்' நாடகத்தருகே வைத்து எண்ணத்தக்கது.

அந்நாடகத்தில், ஹீராவின் ஏவலால் பித்தேறிய ஹெராக்கிளிஸ் மனைவி மக்களைக் கொன்றுவிடுகிறான். தெளிந்தபின், மக்களைக் கொன்ற வில்லை இனியும் ஏந்துவதா, எறிவதா எனக் கலங்குகிறான், கலங்கியே ஏந்துகிறான். போர்த் தெய்வமாகிய ஏரீஸின் சூழ்ச்சியால் மனைவியையும் மகளையும் வெட்டிய கிரேட்டோசுக்கோ அத்தயக்கத்திற்கே இடமில்லை. ஏரீஸ் தந்த வாள்கள் சங்கிலியோடு அவன் கைகளில் தீய்த்துப் பிணைக்கப்பட்டவை.

இறுதிப் போரில் ஓரிடம் என்னை நிறுத்திற்று. கிரேட்டோசின் உருவங்களே திரள்திரளாய் வந்து அவன் குடும்பத்தை வெட்ட முனைகின்றன. ஆடுபவர் அவற்றைத் தடுப்பதோடு, இடையிடையே அவ்விருவரையும் தழுவித் தம் உயிராற்றலைப் பகிர்ந்தளிக்கவும் வேண்டும். அதுகாறும் கொல்லவே பழகிய விரல், தழுவுதற்காகப் பொத்தானை அழுத்துகிறது! மேடை நாடகம் இதைத் தர இயலாது.

இவ்வளவு எட்டியவர்கள் முடிவில் சறுக்கிவிட்டனர். ஹெராக்கிளிசுக்குத் தீசியஸ் என்னும் நண்பனின் கை கிட்டிற்று. பாவம் மன்னிக்கப்பட்டும் நினைவு நீங்காமல் மலையுச்சியினின்று குதித்த கிரேட்டோசுக்குக் கிட்டுவதோ ஏரீஸின் அரியணை. கூடவே ஏதீனா புதிய இரட்டை வாள்களையும் அளிக்கிறாள். அவன் தயங்காமல் எடுத்துக்கொள்கிறான்.