பெயர் போடாத செய்தி

1957 இல் வெளிவந்த ‘ஸ்வீட் ஸ்மெல் ஒஃப் சக்சஸ்’ என்ற அமெரிக்கப் படத்தைக் குற்றப்படம் என்று வகைப்படுத்துகிறார்கள். அதில் கொலை இல்லை, வெடிச் சத்தம் இல்லை. பத்திரிகையில் சில வரிகள் அச்சாகின்றன. பிறகு ஒரு கோட்டின் பைக்குள் கஞ்சாச் சுருட்டு வைக்கப்படுகிறது. நடக்கிற குற்றம் அவ்வளவுதான். ஆனால் பார்த்து முடிக்கும்போது ஒரு மனிதனை நடுத்தெருவில் வைத்து உரித்ததைப் பார்த்த மாதிரி இருக்கும்.

சிட்னி ஃபல்கோ ஒரு விளம்பர முகவன். தமிழ்ச் சினிமாவில் பி.ஆர்.ஓ. என்கிறோமே, அந்தத் தொழில். படுக்கிற அறையே அவனுக்குக் கந்தோர். கதவில் ஒட்டியிருப்பது ஒரு மட்டைத் துண்டில் எழுதிய பெயர். தன் வாடிக்கையாளர்களின் பெயரைப் பத்திரிகையில் வரவைத்தால்தான் அவனுக்குச் சோறு. அதற்கு ஜே.ஜே. ஹன்செக்கர் என்ற பத்தி எழுத்தாளனின் தயவு வேண்டும். வோல்டர் வின்செல் என்ற உண்மையான பத்திரிகைக்காரரை மனதில் வைத்துப் படைத்த பாத்திரம் இது என்று அப்போதே எல்லோருக்கும் விளங்கியது. ஹன்செக்கரின் தங்கை ஒரு கிட்டார் வாசிப்பவனைக் காதலிக்கிறாள். அதை உடைத்துக் கொடு, பிறகு உன் ஆட்களின் பெயர் வரும். இதுதான் பேரம்.

டோனி கேர்ட்டிஸ் அழகன். அந்த அழகையே இயக்குநர் மெக்கெண்ட்ரிக் அசிங்கமாக்கிக் காட்டுகிறார். கண்ணாடி போட்ட பேர்ட் லங்காஸ்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை நடுங்க வைக்கிறார். ஜேம்ஸ் வொங் ஹோவின் கமரா நியூயோர்க்கின் இரவுத் தெருக்களில் அலைகிறது. வெளிவந்த நேரம் படம் ஓடவில்லை. தங்கள் அபிமான நடிகர்களை இப்படிப் பார்க்கச் சனத்துக்கு விருப்பமில்லை. 1993 இல்தான் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

எனக்குப் பெரிதாகப் பட்ட காட்சி ஒன்று. ஃபல்கோ முதலில் வேறொரு பத்தி எழுத்தாளனிடம் போகிறான். அந்த மனுஷன் மனைவிக்குத் தெரியாமல் செய்த ஒரு காரியம் ஃபல்கோவின் கையில் இருக்கிறது. நான் சொல்வதை எழுது, இல்லாவிட்டால் வீட்டில் சொல்வேன் என்கிறான். பக்கத்தில் மனைவி இருக்கிறாள். அவன் அவள் பக்கம் திரும்பித் தானே சொல்லிவிடுகிறான். மானம் போகிறது, ஆனால் கையில் பிடித்திருந்த கயிறு அறுந்து விழுகிறது. படம் முழுக்க ஃபல்கோ தோற்பது இந்த ஒரு இடத்தில்தான். அவதூறு வியாபாரத்தின் முதல் என்ன என்பதையும் இந்தக் காட்சி காட்டிக்கொடுக்கிறது. மறைப்பவன் இருக்கும்வரைதான் அந்தக் கடைக்குச் சரக்கு.

அங்கே தோற்றவன் வேறொரு எழுத்தாளனைப் பிடித்து அந்தக் குறிப்பை அச்சேற்றிவிடுகிறான். கிட்டார்க்காரன் கஞ்சா அடிப்பவன், கம்யூனிஸ்ட். இன்ன ஆள் என்று பெயர் போடவில்லை. போடத் தேவையுமில்லை, ஆரென்று ஊருக்கே தெரியும். அடுத்த நாள் அவனுக்கு வேலை போகிறது.

பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். நம் மொழியில் இந்த வேலைக்கு ஒரு முழு வசனம்கூட வேண்டாம். ‘ஆம்’ என்ற ஓரிடைச்சொல் போதும். ‘எடுத்தானாம்’, ‘போனாளாம்’. சொன்னவன் ஆர் என்பது அந்த ‘ஆம்’முக்குள் ஒளிந்துகொள்கிறான். ‘சொல்றாங்க’ என்றால் இன்னும் வசதி, எழுவாயே தோன்றாது. 2009 இல் பாலம் திறக்கமுதல், கிண்ணியாத் துறையடியில் பாதைக்குக் காத்து நின்ற காலத்தில், இக்கரையில் ஏறிய ‘ஆம்’ அக்கரையில் இறங்கும்போது சத்தியமாகிவிடும். துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிற எங்களுக்குக் கப்பல் வரமுதல் அதன் கதை வந்து சேர்வது புதினமில்லை.

இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகலாம், 2019 மட்டும் இல்லாவிட்டால். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஒரு மாதம். மே 23 அன்று ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்தில், ஒரு முஸ்லிம் டொக்டர் 4,000 சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்துவிட்டார் என்று செய்தி. பெயர் போடவில்லை. பெயரை முகநூல் போட்டது. அடுத்த நாள் குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாஃபி ஷிஹாப்தீன் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் பிணை. வேலையில் திரும்பச் சேர்த்தது 2023 இல். நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட தொகையை மருந்து வாங்க நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். ஃபல்கோவின் கதையை அறிந்தவனுக்கு இதில் ஒவ்வொரு படியும் தெரிந்த படி: முதலில் பெயரில்லாத வரி, பிறகு ஊரே போடுகிற பெயர், கடைசியில் பொலிஸ்.

படத்தில் நான் காண்கிற பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. அதில் வாசகன் இல்லை. ஹன்செக்கரின் கோடிக்கணக்கான வாசகர்கள் என்று பேச்சு வருகிறது; காலையில் பத்திரிகையை விரித்து அந்த வரியைப் படித்து நம்பிய ஒரு முகத்தையும் நாம் பார்ப்பதில்லை. எல்லாப் பாவமும் எழுதிய இருவர் தலையில். நமக்கு இது போதாது. அந்நூர் அத்தியாயம் பேசுகிற அவதூறுச் சம்பவத்தை மத்ரஸாப் பிள்ளையும் அறியும். கண்டிக்கப்படுகிறவன் கட்டியவன் மட்டுமா? கேட்டு, நாக்குக்கு நாக்குக் கடத்தியவர்களும் அங்கே நிற்கிறார்கள். ஷாஃபியின் விஷயத்தில் எரிந்த நாம், நம் வட்ஸ்அப் குழுக்களில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி வருகிற ‘ஆம்’களை என்ன செய்கிறோம்?

வாசகனையும் சேர்த்துப் பார்க்க மதராசுக்குப் போகவேண்டும். ஃபல்கோவுக்கு 13 வருஷம் முந்திய கதை அது. லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர்களின் அந்தரங்கம்தான் சரக்கு. சினிமாக்காரர்கள் கவர்னரிடம் முறையிட்டு உரிமத்தை நிறுத்த, ‘இந்து நேசன்’ என்ற பெயரில் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 அன்று அவர் ரிக்‌ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. கொன்றவர் ஆர் என்பது இன்றுவரை தெரியாது.

கவனியுங்கள், பாகவதரின் ‘ஹரிதாஸ்’ அதே 1944 தீபாவளிக்கு வந்து பிரோட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. நாயகன் சிறையில், படம் திரையில். டிக்கட் வாங்கியதும் ‘சினிமா தூது’ வாங்கியதும் வேறு வேறு சனமில்லை. லட்சுமிகாந்தனை இன்று மஞ்சள் பத்திரிகைக்காரர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். அந்த மஞ்சளுக்குக் காசு கொடுத்தவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நல்ல நாவலோ படமோ தமிழில் என் கண்ணில் படவில்லை. நடிகருக்கும் சனத்துக்கும் இடையே முறையாக ஒரு பி.ஆர்.ஓ. வந்து நின்றதே 1958 இல், ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். அதுவரை அந்த இடைவெளி திறந்தே கிடந்தது.

படத்தின் கடைசியில் தங்கை விடிகாலையில் அண்ணனை விட்டு நடந்து போகிறாள். அழகான காட்சி, எனக்குக் கொஞ்சம் இலேசாகத்தான் பட்டது. கிட்டார்க்காரனின் பெயர் துடைக்கப்பட்டதா, அவனை ஆராவது மேடையில் ஏற்றினார்களா என்று படம் சொல்லவில்லை. மதராஸ் சொல்கிறது. கிருஷ்ணன் சிரிப்பை மீட்டுக்கொண்டார், 1951 இல் ‘மணமகள்’ படத்தை இயக்கினார். பாகவதர் வெளியே வந்து சொந்தமாக எடுத்த ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. பழைய கூட்டம் திரும்பவில்லை. 1959 நவம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 49.