ஒரே படம், வேறு குறிப்பு

விஞ்ஞானக் கட்டுரைகளில் களவுப் படத்தைப் பிடிக்க மென்பொருள் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்கிறார்கள். 2024 ஜனவரியில் ‘சயன்ஸ்’ குழுமச் சஞ்சிகைகள், தமக்கு வரும் கட்டுரைகளின் படங்களை ‘புரூபிக்’ என்ற மென்பொருளால் சோதிப்பதாக அறிவித்தன. அதே மாதம் அமெரிக்காவின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் 6 கட்டுரைகளை மீளப்பெறவும் 31 கட்டுரைகளைத் திருத்தவும் முன்வந்தது. அவற்றின் குறைகளை வெளியே கொண்டுவந்த ஷோல்டோ டேவிட், தன் கண்ணோடு ‘இமேஜ்ருவின்’ என்ற மென்பொருளையும் துணைக்கு வைத்திருந்தவர்.

இந்த மென்பொருளை நான் வரவேற்கிறேன். ஆனால் அதன் சொல்லைத் தீர்ப்பாக எடுக்கும் போக்கு ஆபத்தானது.

அது செய்யும் வேலை தமிழ் படித்தவனுக்குப் புதிதல்ல. ரெண்டு பிள்ளைகள் ஒரு கேள்விக்குச் சரியான விடை எழுதினால் ஆசிரியர் சந்தேகப்படுவதில்லை. ரெண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே பிழையை விட்டிருந்தால்தான் பேனை நிற்கும். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களின் வழியும் இதுவே: இரண்டு ஏடுகளில் ஒரே விசித்திரமான பிழை இருந்தால், இரண்டும் ஒரு மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். உயிரியல் ஆய்வுகளில் புரதங்களை ஒரு தாளில் கறுப்புப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டுவார்கள். பட்டை எவ்வளவு தடிப்போ, அவ்வளவு புரதம். வெவ்வேறு பரிசோதனைகளில் எடுத்த பட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் ஓரத்துப் பிசிறும், பக்கத்தில் விழுந்த தூசிப் புள்ளியும் அப்படியே ஒத்துவர வழியில்லை. ஒத்துவந்தால் அது ஒரே படம். படத்தைத் திருப்பினாலும், கண்ணாடிப் பிம்பமாக்கினாலும், வெளிச்சத்தைக் கூட்டினாலும் மென்பொருள் அந்தப் புள்ளிகளைத் தேடிப் பிடித்துவிடுகிறது.

இதை முன்பு கண்ணாலேயே செய்தார்கள். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் 20,621 கட்டுரைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவரும் இருவரும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி 3.8 வீதமானவற்றில் சிக்கலான படங்கள் இருந்தன. எவ்வளவு பொறுமை, பாருங்கள்! ஷோல்டோ டேவிட் ஒரு நச்சியல் சஞ்சிகையின் 715 கட்டுரைகளைக் கண்ணால் ஆராய்ந்து 63இல் குறை கண்டார். பிறகு மென்பொருளிடம் கொடுத்தபோது, அது அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டதோடு, அவர் தவறவிட்ட 41ஐயும் எடுத்துத் தந்தது.

சரி, ஒற்றுமையைக் கண்டாயிற்று. அடுத்தது என்ன?

புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் கோபால் குண்டுவின் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். அவரது குழு 2005இல் ‘ஜேர்னல் ஒஃப் பயோலொஜிக்கல் கெமிஸ்ட்ரி’யில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதிலுள்ள பட்டைகள் அதே குழுவின் முந்தைய கட்டுரையில் வேறு குறிப்போடு வந்தவை என்று 2006இல் பெயரில்லாத மின்னஞ்சல் ஒன்று குற்றஞ்சாட்டியது. அவை வெவ்வேறு பரிசோதனைகளின் படங்கள் என்றது குண்டு தரப்பு. நிறுவனத்துக்குள் நடந்த முதல் விசாரணை குறை கண்டது. ஜி. பத்மநாபன் தலைமையில் பின்னர் அமைந்த வெளிக்குழு, மோசடி இல்லை என்றது. சஞ்சிகையோ 2007இல் கட்டுரையை மீளப்பெற்றது. 2010இல் இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் செயற்பாடுகளிலிருந்து மூன்று வருடம் விலக்கி வைத்தது.

எல்லோர் முன்னும் இருந்தவை அதே படங்கள்தான். ஆனால் தீர்ப்புகள் எதிரெதிராக வந்தன. இன்றைய மென்பொருள் அன்று இருந்திருந்தால் இந்தப் பிணக்குத் தீர்ந்திருக்குமா? பட்டைகள் எவ்வளவு ஒத்தவை என்ற பாதிக் கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கும். படம் எந்த நாளில், எந்த மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டது, குறிப்பை மாற்றியது கைத்தவறா திட்டமா என்பதை அது அறியாது. அதற்கு ஆய்வுகூடக் குறிப்பேடும் மூலப் படச்சுருளும் வேண்டும். ஒரே கட்டுப்பாட்டுப் பரிசோதனைக்கு எதிராகப் பல மாதிரிகளை ஒப்பிட்டிருந்தால், அந்தப் பட்டை இரண்டு இடத்தில் வருவது நியாயம். குறிப்பில் சொல்லியிருந்தால் போதும். மென்பொருள் அதையும் சிவப்பில் வட்டமிட்டுத் தரும்.

நம் பக்கத்திலும் இதன் நிழல் விழுகிறது. பட்டதாரி மாணவர் ஆய்வேட்டை ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்து, வந்த வீதத்தைக் கண்டதும் களவென்று முடிவுகட்டுவோர் இருக்கிறார்கள். உள்ளே புரட்டினால் பாதி மேற்கோளும் நூற்பட்டியலுமாக இருக்கும். படத்துக்கும் இப்படி ஒரு வீதம் வந்தால், வவுனியாவிலிருந்தோ அறிவியல் நகரிலிருந்தோ முதல் கட்டுரையை அனுப்பும் பிள்ளை அதை எதிர்த்துப் பேசுவது சுலபமா? பெரிய நிறுவனத்துக்குச் சட்டத்தரணி இருக்கிறார். இந்தப் பிள்ளையிடம் குறிப்பேடு மட்டும்தான்.

மறுபக்க ஆபத்தும் உண்டு. செயற்கை நுண்ணறிவு புதிதாக உருவாக்கும் பட்டைக்கு மூலமே கிடையாது. ஒப்பிட ஒன்றுமில்லாத இடத்தில் ஒப்பிடும் கருவி கைகட்டி நிற்கும். சோதனையில் சுத்தம் என்று வந்தால் கட்டுரை உண்மை என்றாகிவிடாது.

இதெல்லாம் விஞ்ஞானிகள் பாடு என்று விடுவதற்கில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களைப் பற்றிய கட்டுரைகளிலும் நினைவு மலர்களிலும் புகைப்படங்கள் அச்சாகின்றன. எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்ற குறிப்பு அநேகமாக இராது. வேறொரு இடப்பெயர்வின் படம் நம் கட்டுரையில் ஏறிவிட்டால், அந்த ஒரு படத்தைக் காட்டியே முழு வரலாற்றையும் பொய்யென்பார்கள். முல்லைத்தீவிலிருந்து கையிலிருந்ததோடு நடந்தவர்களில் சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் உண்மை நம் கவலையீனத்தால் கெடக்கூடாது.

ஆகவே ஆய்விதழ்களின் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். மென்பொருளுக்குப் பணமில்லாவிட்டால் பரவாயில்லை. படம் அனுப்புபவரிடம் மூலப் பிரதியையும், எடுத்தவர் பெயரையும், இடத்தையும், திகதியையும் கேளுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே படத்தின் கீழ் அச்சிடுங்கள்.