பலாச்சுளைக் கணக்கும் பாடமும்

கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தைப் போற்றுவார் பலர். அதனைப் பாடஞ்சொல்லும் ஆசிரியரின் கண்கொண்டு நோக்குவார் சிலரே. நிலம், பொன், நெல், அரிசி, கல் என வாழ்வில் வழங்கும் பொருள்களைக் கொண்டே கணக்குரைப்பதால் அந்நூல் கற்பித்தலுக்கு மிகவும் ஏற்றது என்பர். அவ்வுரை முழுதும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

நூலின் பலாக்கனிப் பாட்டுப் பெரும்புகழ் பெற்றது. காம்பையொட்டிய சிறுமுட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்தால் பழத்தை அறுக்காமலே சுளைத்தொகை தெரியுமாம். முள் 50 எனில் சுளை 60. மாணவர் முகம் மலரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 6 ஏன், 5 ஏன்? பாட்டில் விடையில்லை. விதியை ஒப்புவிக்கச் செய்வதோடு நின்றால் அது வாய்பாட்டுப் பயிற்சியேயாம். நாலைந்து பழங்களை வகுப்பில் அறுத்து, விதி தந்த எண்ணையும் கையால் எண்ணிய எண்ணையும் அருகருகே எழுதச் செய்யும் ஆசிரியரே அப்பாட்டைக் கணக்காக்குகிறார். (சுளைகள் மிஞ்சா என்பது வேறு செய்தி!)

பொருட்பெயர் புகுந்தவுடன் கணக்கு வாழ்க்கைக் கணக்காகிவிடும் என்று எண்ணுவது பிழை. அமெரிக்க நாட்டில் 1980களின் தொடக்கத்தில் 13 வயது மாணவரிடம் ஒரு வினா விடுக்கப்பட்டது: ஒரு பேருந்தில் 36 வீரர் செல்லலாம், 1128 வீரருக்கு எத்தனை பேருந்து வேண்டும்? பெரும்பாலோர் சரியாகவே வகுத்தனர். ஆயினும் 32 என்று விடை எழுதினோர் நூற்றுக்கு 23 பேரே. '31, மீதி 12' என்று எழுதினோர் 29 பேர். மீந்த 12 வீரரும் வழியில் நிற்பரே என்று அவர்கள் எண்ணவில்லை. பேருந்து தாளில் இருந்தது. அவர்தம் மனத்தில் இல்லை.

திண்ணைப் பள்ளிச் சிறுவனுக்கு இக்குறை நேர்ந்திராது. 20இல் ஒரு பங்குக்கு மா என்று பெயர். 20 மா நிலம் ஒரு வேலி. பின்னத்தைக் கற்றவன் வயலையே கற்றான். மாவும் வேலியும் வழக்கொழிந்த கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அதே கணக்கைப் பெருமைக்காக வகுப்பில் வைப்பதால் என்ன பயன்? வீட்டு மின்கட்டணச் சீட்டு இன்று அவ்விடத்துக்கு உரியது.

நூலில் என்றும் பழகாதது வட்டக் கணக்கு. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு என்பது அதன் விதி. பலாப் பாட்டைப்போல் இதுவும் காரணம் கூறவில்லை. எனினும் இதன் காரணத்தை மாணவரே காணலாம். வட்டமான அட்டையைக் கூரிய துண்டுகளாக நறுக்கி, ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக அடுக்கினால் ஏறக்குறைய ஒரு நீள்சதுரம் தோன்றும். துண்டுகள் சிறுக்கச் சிறுக்க அதன் வடிவம் திருந்தும். அதன் நீளம் சுற்றளவில் பாதி, அகலம் விட்டத்தில் பாதி. விட்டம் 21 அங்குலமுள்ள தாம்பாளத்தை நூலால் சுற்றினால் ஏறக்குறைய 66 அங்குலம் வரும். 33ஐப் பத்தரையால் பெருக்கினால் பரப்பு 346½ சதுர அங்குலம்.