ஒலிக்கோப்பின் மீத்தரவும் பாரதி பாடலின் ஆசிரியத்துவமும்

ஒலிக்கோப்பு இசையை மட்டும் சுமப்பதில்லை. பாடலின் பெயர், பாடியவர், ஆண்டு முதலிய குறிப்புகளையும் தன்னுள் பொதிந்து வருகிறது. மீத்தரவு எனப்படும் இக்குறிப்புகளைக் காண, கட்டளை வரியில் ‘எக்சிஃப்டூல்’ அல்லது ‘எஃப்எஃப்ப்ரோப்’ என்னும் கருவியின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டச்சிட்டால் போதும். திரையில் விரியும் பட்டியலுக்கு ஆவணத்தின் தோற்றம் உண்டு. அத்தோற்றத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைப் புதுச்சேரியோடு தொடர்புடைய ஒரு பாடலைக் கொண்டு சோதிக்கலாம்.

பாரதி புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் (1908–1918), பரலி சு. நெல்லையப்பர் 1917இல் கண்ணன் பாட்டை வெளியிட்டார். அதிலுள்ள ‘கண்ணம்மா – என் குழந்தை’ என்னும் பாடல் ‘சின்னஞ்சிறு கிளியே’ என்னும் தொடக்கத்தாலேயே பலருக்கும் தெரியும். ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று அதற்குக் குறிப்பு உண்டு. மாதிரிக்கு ஸ்வர வரிசைகளும் தரப்பட்டுள்ளன; பாடுவோர் தம் மனப்போக்குக்கேற்ப அவற்றை மாற்றிக்கொள்ள இடமும் அளிக்கப்பட்டுள்ளது. தம் பாட்டுக்குத் தாமே மீத்தரவு எழுதிவைத்தவர் பாரதி எனலாம். ஆயினும் இன்று செவியில் நிலைத்திருப்பது அந்தப் பைரவி அன்று; ‘மணமகள்’ (1951) படத்திற்காக சி. ஆர். சுப்பராமன் இசையமைக்க, எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடிய ராகமாலிகையே.

இப்பாடலின் எம்பி3 கோப்பில் ‘கம்போசர்’ புலத்தில் பாரதியார் பெயர் மட்டும் இருந்தால், அது பிழையா? சொல்லும் இசையும் ஒருவருடையனவாக அமையும் வாக்கேயக்கார மரபில் அது இயல்பு. இங்கோ அந்த ஒற்றைப் பெயர் சுப்பராமனை மறைக்கிறது. பாரதி தாமே வேறொரு ராகம் வகுத்திருந்தார் என்பதையும் சேர்த்தே மறைக்கிறது. ஐடி3 தரத்தின் இரண்டாம் பதிப்பில் பாடலாசிரியருக்குத் தனிப்புலம் உண்டு. அதன் குறியீடு ‘டெக்ஸ்ட்’. எக்சிஃப்டூல் அதைப் ‘பாடலாசிரியர்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் காட்டுகிறது. எஃப்எஃப்ப்ரோப் குறியீட்டையே அப்படியே அச்சிட்டுவிடுகிறது. ஒரே கோப்பு, இரு கருவிகள். ஒன்றில் கவிஞர், மற்றொன்றில் நான்கு எழுத்துகள்.

1996இல் தோன்றிய முதற்பதிப்பின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பெயருக்கு அதில் 30 பைட்டுகளே இடம். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு கொள்ளும். மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே கணக்கில் வரும். எனவே ‘சின்னஞ்சிறு’ என்னும் ஒரு சொல்லே 33 பைட்டாகிறது. தமிழில் எழுத முயன்றால் ‘சின்னஞ்சிற’ என்பதோடு தலைப்பு அறுந்துபோகும். இசைவகைக்கு வகுத்த 80 பெயர்களில் போல்கா உண்டு. கர்நாடக இசை இல்லை.

இக்கருவிகளின் வெளியீட்டில் இருவகைச் செய்திகள் ஒரே தோரணையில் வரிசையாக நிற்கின்றன என்பதே திறனாய்வு நோக்கில் முதன்மையானது. பிட் வீதம், கால அளவு போன்றவை ஒலித்தரவிலிருந்து அறியப்படுவன. பெயர்களும் ஆண்டும் எவரோ தட்டச்சிட்டவை. ஆண்டுப் புலத்தில் 1917, 1951, குறுவட்டு வெளிவந்த ஆண்டு ஆகிய எதுவும் இருக்கலாம். எந்த நிகழ்வின் ஆண்டு என்பதை எண் சொல்லாது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுப்புகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அத்தகைய சுவடிகளைப் பயில்வோர் இறுதிக்குறிப்பை எழுதியவரின் கூற்றாகக் கொண்டு எடைபோடுவர். ஓலையின் நீள அகலத்தை அளந்து அறிவர். ஒலிக்கோப்பை மேற்கோள் காட்டும் ஆய்வுகளுக்கும் அந்த வேறுபாடு வேண்டும்.

ராகத்திற்கென ஐடி3இல் தனிப்புலம் கிடையாது; சுருதியைக் குறிக்கும் புலம் மூன்று எழுத்துகளுக்குமேல் ஏற்காது. பயனர் தாமே பெயரிடும் புலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒருவர் ‘ராகம்’ என்றும் மற்றொருவர் ‘இராகம்’ என்றும் பெயரிட்டால் தேடல் பிளவுபடும். மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளம் கர்நாடக ராகத்தையும் தாளத்தையும் படைப்பின் பண்புகளாகப் பதிய வழிசெய்திருக்கிறது. கண்ணம்மா பாடலுக்கு அது மட்டும் போதாது: பைரவி கவிஞரின் குறிப்பாகவும், ராகமாலிகை 1951ஆம் ஆண்டு இசையமைப்பாகவும், ஒவ்வொன்றும் அதற்குரியவர் பெயரோடு பதியப்பட வேண்டும்.