விட்ட வாசிப்பும் மீண்ட வாசிப்பும்

கற்றோர் பலரிடத்தே ஒரு வழக்கத்தைக் காணலாம். இளமையில் தாம் வாசித்த நாவல்களைப் பற்றி அவர்கள் மிக்க ஆர்வத்துடன் உரையாடுவர். "இப்பொழுது யாது வாசிக்கின்றீர்கள்?" என்று வினவினாற் சிறிது தயங்குவர், பின்பு, "நேரம் எங்கே இருக்கின்றது?" என்பர். இவ்விடை முற்றிலும் பொய்யன்று, முற்றிலும் மெய்யுமன்று. புதினத்தாளுக்கு நேரம் உண்டு. கைத்தொலைபேசியில் வந்து குவியும் துணுக்குகளுக்கு நேரம் உண்டு. அயல்வீட்டு வழக்கை ஆராய்வதற்கும் நேரம் உண்டு. கதைநூலுக்கு மட்டுமே நேரம் இல்லை. ஆகவே குறைந்துபோனது நேரமன்று, வேறொன்று என்பது பெறப்படும். அது யாது என்பதையும், அதனை மீளப் பெறுதல் கூடுமோ என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறர் குறையிலிருந்து தொடங்குதல் முறையன்று. இக்குறை உடையாருள் யானும் ஒருவன். 1990ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெயோ கிடைத்தற்கரியது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில துளி எண்ணெயும் இட்டு எரித்த விளக்கினருகே, கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பாகம் பாகமாக இரவல் பெற்று வாசித்தவன் யான். "பாடம் படிக்கவே எண்ணெய் காணாது, கதைக்கு வேறு எரிக்கிறாயோ?" என்று அன்னையார் கடிந்ததுண்டு. அக்காலம் கழிந்தது. ஆசிரியத் தொழில் வாய்த்தது. வீட்டில் அறைதோறும் மின்விளக்கு எரிந்தது. ஆயின், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக ஒரு நாவலையேனும் யான் முடிவுவரை வாசித்ததில்லை. எண்ணெய் அரிதாயிருந்தபோது இருந்த வாசிப்பு, ஒளி மலிந்தபோது இல்லாதொழிந்தது.

மீளத் தொடங்க முயன்றபோதுதான் நோயின் தன்மை புலனாயிற்று. பெரிய நாவலொன்றை எடுத்தேன். நாற்பதாம் பக்கத்தை அணுகுமுன்னரே கண் வரிகளைத் தாண்டலாயிற்று. வருணனை வந்தால் வேண்டாதது என ஒதுக்கிற்று. உரையாடல் வந்தால் அதன் முடிவை மட்டும் பற்றிற்று. ஈற்றில் இறுதி அத்தியாயத்தைப் புரட்டி, இன்னார் இறந்தார், இன்னார் மணந்தார் என்று அறிந்துகொண்டு நூலை மூடினேன். வாசிக்கும் ஆற்றல் என்னை விட்டு நீங்கவில்லை. விடைத்தாள்களையும் சுற்றுநிருபங்களையும் பரீட்சைக் குறிப்புகளையும் வாசித்து வாசித்து, எதனையும் சாரம் பிழிந்து சக்கையை எறியும் ஒருவகை வாசிப்பே என்னிடம் எஞ்சியிருந்தது.

இந்நிலை நம்மனோர்க்கு மட்டும் உரியதன்று. கூர்ப்புக் கொள்கையை நிறுவிய சார்ள்ஸ் டார்வின், 1876இல் எழுதத் தொடங்கிய தம் வரலாற்றில் இதனையொத்த இழப்பொன்றை ஒளியாது கூறியுள்ளார். முப்பது வயதுவரை கவிதை அவருக்குப் பேரின்பம் தந்தது. முதுமையிலோ ஒரு வரிக் கவிதையையும் அவராற் பொறுக்க இயலவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் தாங்கொணாச் சலிப்பைத் தந்தன. தம் உள்ளம், திரட்டிய தரவுகளை அரைத்துப் பொதுவிதிகளை வெளிப்படுத்தும் ஓர் இயந்திரமாகிவிட்டது என்று அவர் வருந்துகின்றார். மீண்டும் ஒருமுறை வாழ நேரின், கிழமைக்கு ஒருதரமேனும் சிறிது கவிதை வாசித்தலையும் இசை கேட்டலையும் விதியாகக் கொள்வேன் என்கின்றார். அவ்வின்பங்களின் இழப்பு அறிவுக்கும், அதனினும் மேலாக ஒழுக்க உணர்வுக்கும் ஊறு செய்யக்கூடும் என்பது அவர் துணிபு.

ஈண்டுக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. டார்வின் நாவல்களைக் கைவிட்டாரல்லர். வீட்டார் உரத்து வாசிக்க அவற்றை நாள்தோறும் கேட்டு மகிழ்ந்தார்; துன்பமாக முடியும் நாவல்களைச் சட்டத்தால் தடுத்தல் வேண்டும் என்றும் நகையாக எழுதினார். ஆயின் நாவல் அவருக்கு உழைத்துக் களைத்த மூளையின் இளைப்பாறுதலாகவே இருந்தது. எனவே வழக்கம் ஒன்று மட்டும் போதியதன்று. நாவலைச் சாய்மனைக் கதிரையாக மட்டும் கொள்வோன் அதில் துயில்வான். அந்நாவல் அவனிடம் எதனையும் வினவாது. நாம் மீளப் பெற விரும்புவது துயிலையா, வினாவையா என்பதை முதலிலே தெளிந்துகொள்ளல் வேண்டும்.

தடித்த நூல்களுக்கு அஞ்சி மெல்லியதொன்றைத் தேடியபோது என் கைக்கு எட்டியது, ருஷ்ய நாவலாசிரியர் தோல்ஸ்தோய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலியீச்சின் மரணம்' என்பதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. பன்னிரண்டே சிறு அத்தியாயங்கள். இதன் கதையைச் சுருக்கிக் கூறுக எனின், "நீதிமன்ற உத்தியோகத்தர் ஒருவர் நோயுற்று இறந்தார்" என ஒரே வாக்கியத்தில் விடை எழுதிவிடலாம். அவ்விடையை ஆசிரியர் மறைத்து வைத்தாருமல்லர். தலைப்பிலேயே கூறிவிட்டார், தொடக்கத்திலேயே உடன் உத்தியோகத்தர் ஒருவர் மரண அறிவித்தலைப் புதினத்தாளிற் காண்கின்றார். இறுதிப் பக்கத்தைப் புரட்டி அறியவேண்டியது ஒன்றுமில்லை. சாரம் பிழிவோனுக்கு இந்நூல் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடுகின்றது. அவ்வாறு தீர்ந்த இடத்திலிருந்தே தோல்ஸ்தோய் தம் வேலையைத் தொடங்குகின்றார்.

முதல் அத்தியாயத்தை நோக்குக. மரணச் செய்தி கேட்ட உத்தியோகத்தர் ஒவ்வொருவரும், வெற்றிடமான பதவி யாருக்குக் கிட்டும் என எண்ணுகின்றனர். இறந்தவன் தானல்லன் என்று உள்ளூர ஆறுதலும் கொள்கின்றனர். நண்பன் ஒருவன் துக்கம் விசாரிக்கச் செல்கின்றான். அவன் அமர்ந்த தாழ்ந்த இருக்கையின் பழுதுற்ற சுருள்வில்கள் அவனை மேலே உந்துகின்றன. அவன் அழுத்தி அமர்கின்றான். அவை மீண்டும் உந்துகின்றன. கைம்பெண்ணின் மேலாடை மேசையின் செதுக்கு வேலையிற் சிக்குகின்றது. அழுகையினூடே அவள், அரசாங்கத்திடமிருந்து ஓய்வூதியத்தைக் கூட்டிப் பெறும் வழியுண்டா என வினவுகின்றாள். என் பழைய கண் இவ்விருக்கையை வேண்டாத வருணனை எனத் தாண்டியிருக்கும். நின்று வாசித்தபோதோ, அவ்வத்தியாயத்தின் பொருள் முழுவதும் அந்தச் சுருள்வில்லிலேயே அடங்கியிருத்தலைக் கண்டேன். துயரம் மெய்யாயின் இருக்கையின் தொல்லை உணரப்படாது. துயரம் நடிப்பாதலின் இருக்கையே பெரிதாகின்றது. ஆசிரியர் எவரையும் "போலி" என்று கூறவில்லை. கூறியிருப்பின் அது சாரம். நாம் குறித்துக்கொண்டு மறந்திருப்போம்.

நூலின் நடுப்பகுதி இதனினும் ஆழமானது. இவான் இலியீச் நேர்மையான, திறமையுள்ள உத்தியோகத்தன். தன் முன் வரும் மனிதரின் வாழ்வில் வழக்குக்கு வேண்டாத அனைத்தையும் நீக்கி, எஞ்சியதைக் கடுதாசியில் ஒழுங்குற அமைப்பதே அவன் பெருமை கொண்ட கலை. புதுவீட்டில் திரைச்சீலை தொங்கவிடும் முறையைக் காட்ட ஏறியபோது வழுக்கி, விலாவில் அடிபடுகின்றான். நோய் வளர்கின்றது. மருத்துவரை அணுகி, தன் நிலை ஆபத்தானதா என்று அறிய விழைகின்றான். மருத்துவருக்கு அவ்வினா பொருத்தமற்றது. நோய் மிதக்கும் சிறுநீரகமா, குடல்வால் அழற்சியா என்பதே அவருடைய வழக்கு. தான் குற்றஞ்சாட்டப்பட்டோரை நோக்கிய அதே நோக்கு இன்று தன்மேல் விழுவதை இவான் உணர்கின்றான். வாழ்நாள் முழுவதும் பிறரைச் சுருக்கி வாசித்த ஒருவன், ஈற்றில் தானே சுருக்கி வாசிக்கப்படுகின்றான். இந்நாவலின் கொடுமை மரணத்தில் இல்லை, இங்கேதான் இருக்கின்றது.

அவனுக்கு ஆறுதல் தருபவன் கெராசிம் என்னும் குடியானவப் பணியாளன் ஒருவனே. அவன் அறிவுரை கூறுவதில்லை. நோய் மாறிவிடும் என்று பொய்யுரைப்பதுமில்லை. நோயாளியின் கால்களைத் தன் தோள்மேல் உயர்த்தி, நோவு தணியும்வரை அமர்ந்திருக்கின்றான்; சில வேளை இரவு முழுவதும் அவ்வாறே இருக்கின்றான். நாவல் வாசகன் எப்படியிருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் பொருத்தமான உருவத்தை யான் அறியேன். பிறர் வாழ்வின் பாரத்தை அவசரமின்றிச் சிறிதுநேரம் தாங்கியிருத்தலே அவன் தொழில். பதினைந்து ஆண்டுகளில் யான் இழந்தது இத்தாங்கும் ஆற்றலே; நேரமன்று.

இது வெறும் இலக்கிய இன்பத்தைப் பற்றிய செய்தியாக என்னளவில் நின்றுவிடவில்லை. என் வகுப்பில் நாள்தோறும் பிந்தி வரும் மாணவன் ஒருவன் இருந்தான். இரண்டு வினாக்கள் வினவி, பதிவேட்டில் "அசட்டை" என்று எழுதி வைத்திருந்தேன். அந்நூலை முடித்த கிழமையில் அவன் மீண்டும் பிந்தி வந்து வாயிலில் நின்றபோது, மருத்துவர் முன் நின்ற இவானின் நினைவு தவிர்க்க இயலாதவாறு வந்தது. பாடம் முடிந்தபின் அவனை இருத்திப் பேசவிட்டேன். அரைமணி நேரம் சென்றது. அவன் கூறியதை இங்கே எழுதுதல் தகாது. அதன்பின் அவன் நேரத்துக்கு வந்தான் என்று கூறிக் கதையை முடிக்கவும் இயலாது. அவன் இன்னும் பிந்தியே வருகின்றான். ஆயின் யான் எழுதிய அச்சொல் பிழையானது என்பதை அறிந்து, அதனை வெட்டிவிட்டேன். நாவல் வாசிப்போர் யாவரும் நல்லோராவர் என்பது மிகையுரை. அரைமணி நேரம் கேட்கும் பயிற்சியை நாவல் தரும் என்பது மிகையன்று.

இனி, மீளும் வழி யாது? முதலாவது, சிறியதிலிருந்து தொடங்குதல். ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவராகிய இலங்கையர்கோனின் 'வெள்ளிப்பாதசரம்' இதற்குத் தக்கது. வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் சென்ற இளந்தம்பதி, தொலைந்துபோன ஒரு பாதசரம், அதனால் எழுந்த சினம், பின்னர் அது தணிந்த விதம்: இவ்வளவே கதை. ஒரே அமர்வில் முடித்துவிடலாம். ஆயின் விரைந்தோடுவோனுக்கு அச்சினம் தணியும் கணம் புலப்படாது. இரண்டாவது, அளவோடு வாசித்தல். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கிழமைதோறும் தொடராக வெளிவந்தது. அன்றைய வாசகர் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்து வாசித்தனர். அக்காத்திருத்தலும் வாசிப்பின் ஒரு கூறே. இரவுக்கு ஓர் அத்தியாயம் என வகுத்துக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. மூன்றாவது, டார்வின் வீட்டார் போல ஒருவர் வாசிக்க மற்றையோர் கேட்டல். நாவினால் வாசிப்போன் வரிகளைத் தாண்ட இயலாது.

நான்காவது, முன்பு விரும்பிய நூலை மீள வாசித்தல். ஜாம் போத்தல் விளக்கில் வந்தியத்தேவனின் குதிரையைத் தொடர்ந்து ஓடிய யான், அண்மையில் அந்நூலை மீண்டும் எடுத்தபோது குதிரை என்னை விட்டுச் சென்றுவிட்டது. முதுமையில் நந்தினியை மணந்து, அவளது வஞ்சத்தை அறிந்து உள்ளம் உடையும் பெரிய பழுவேட்டரையரிடமே யான் நின்றுவிட்டேன். அன்று அவர் எனக்குக் கதையின் தடையாகத் தோன்றினார்; இன்று அவரே கதையாகத் தோன்றுகின்றார். நூல் மாறவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் வாசியாதிருந்தவனும் வாழ்ந்துகொண்டே இருந்தான் அன்றோ? அவ்வாழ்வைக் கொண்டுவந்து வைக்க நூலில் இடம் இருந்தது. வழக்கத்தை இழந்தோர் வெறுங்கையுடன் மீள்வதில்லை என்பதற்கு இதுவே சான்று.

வாசிப்பு தனிமனிதரின் சோம்பலால் மட்டும் அழிவதன்று என்பதையும் ஒரு சொல்லிற் குறித்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பின்னர் இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் ஊர் வாசிகசாலைகளும் வெறுமையாயின. அத்தகைய காலத்திலும் சில துளி எண்ணெயில் நூல் வாசித்தோம். அவ்வாறாயின், எவரும் எரிக்காத நூல்களை அலுமாரியில் தூசி படிய விட்டிருத்தற்கு நாம் கூறும் சமாதானம் யாது?

மாணாக்கர்க்கு ஒன்று கூறி அமைகின்றேன். பரீட்சைக்கு வேண்டிய நாவலின் சுருக்கத்தைக் குறிப்புப் புத்தகத்தில் நீவிர் வாசிக்கலாம், புள்ளியும் பெறலாம். அதனோடு, பரீட்சைக்கு வராத ஒரு கதையையும் இத்தவணையில் முழுதாக வாசியுங்கள். ஆசிரியர்களாகிய எமக்கும் இதுவே விதியாகுக. யான் இன்றிரவு வாசிக்கவேண்டிய அத்தியாயம் மேசைமீது காத்திருக்கின்றது.