துருவைத் தட்டும் ஓசை

கோலகங்சார் பக்கம் காராயில் இருக்கும் விக்டோரியா பாலத்தில் நடப்பவர்கள் கீழே பேராக் ஆற்றைத்தான் பார்ப்பார்கள். என் கண் பக்கத்து இரும்பிலேயே நின்றுவிடும். 1900-இல் திறந்த ரயில் பாலம். ரயில் இப்போது அருகிலுள்ள புதுப் பாலத்தில் ஓடுகிறது. வரிசை வரிசையாய் ரிவெட் தலைகள். தடவினால், சாயத்தின் மேல் சாயம் ஏறி மொச்சைக் கொட்டை போல வழுவழுக்கும்.

இரும்புப் பாலத்துக்குச் சாயம் அடிப்பதில், அடிப்பது கடைசி வேலைதான். முதலில் காது வேண்டும். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று பாடும். துரு தின்ற இடம் ‘டொக்’கென்று அடங்கிவிடும். அங்கே துரு அப்பளமாய் நொறுங்கி உதிரும். பிறகு கம்பித் தூரிகை, இரும்பு மினுங்கும்வரை. துரு போக வேண்டும், இரும்புக்குக் காயம் படக் கூடாது. பால்மரத்தில் பட்டையை மட்டும் சீவி, உள்மரம் தொடாமல் கத்தியை நிறுத்திய நம் தோட்டத்துக் கைகளுக்குப் பழகிய கணக்கு இது. அப்புறம் காத்திருப்பு. ஆற்றுப் பனியில் இரும்பு வியர்த்து நிற்கும் காலையில் சாயம் பிடிக்காது. வெயில் ஏற வேண்டும், பிற்பகல் மழை முந்திக்கொள்ளவும் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். கூரான ஓரங்களில் ஈரச் சாயம் நிற்காமல் விலகி மெலிந்துவிடும். அதனால் கைதேர்ந்தவர் அந்த ஓரங்களுக்கும் ரிவெட்டுகளுக்கும் மட்டும் சின்னத் தூரிகையால் தனியாக ஒரு பூச்சு கொடுப்பார், ஒவ்வொரு தலையையும் சுற்றிச் சுற்றி, குழந்தைக்குப் பொட்டு வைக்கிற நிதானத்தோடு.